பால்சுறாவும் பாதரசமும்

ஞாயிற்றுக்கிழமை காலை. திருவாமாத்தூர்த் தெருவிலே மீன்கார அம்மாவின் குரல் கேட்கிறது. புரட்டாசி மாதம் தவிர மற்ற நாளெல்லாம் அந்தக் குரலுக்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளை பெற்று இருபது நாளான மகளைத் தாய் வீட்டிலே வைத்திருக்கும் ஒரு அம்மாள் கூடையருகே குந்தி உட்கார்ந்து கேட்கிறார்:

"ஆயா, பால்சுறா கொண்டாரேன்னியே, எங்க?"

"கெடைக்கல கண்ணு. வஞ்சிரம் இருக்குது பாரு, கடலூரு மீனு."

"வெல?"

விலையைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் வாடுகிறது. கூடையின் ஓரத்திலே நெத்திலி கிடக்கிறது, காரப்பொடி கிடக்கிறது. மலிவுதான். ஆனால் கைக்குழந்தைக்காரிக்கு மலிவு மீனையா கொடுப்பது? பாசம் கேட்குமா? கைமாற்று வாங்கியாவது பெரிய மீனைத்தான் வாங்குவது என்று மனம் துடிக்கிறது.

அந்தத் தாயின் பாசத்தைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாதரசத்தைப் பொறுத்த வரையில் அந்தக் கூடையிலே மலிவாகக் கிடந்த நெத்திலிதான் உயர்ந்த மீன்!

பாதரசமா? மீனிலா? எங்கிருந்து வந்தது?

ஆலைக் கழிவிலிருந்து வருகிறது. நிலக்கரி எரிகிற புகையிலிருந்தும் வருகிறது. நீரிலே இறங்கி அடிச்சேற்றிலே படிகிறது. அங்கே வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அதை நீர்ப்பாசி ஏற்கிறது. பாசியைச் சிறு மீன் தின்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் விழுங்குகிறது. உள்ளே போன நஞ்சு எளிதிலே வெளியேறுவதில்லை. ஆயிரம் சின்ன மீன் தின்ற சுறாவின் உடலிலே அந்த ஆயிரத்தின் நஞ்சும் கூடிப் போகிறது. வஞ்சிரம், சூரை, சுறா எல்லாம் வேட்டை மீன்கள். பல ஆண்டு வாழ்பவை. நெத்திலியும் மத்தியும் சில காலமே வாழ்ந்து வலையில் விழுபவை.

கழுவினால் போகாதா? புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் போகாதா? போகாது. நஞ்சு தோலிலே இல்லை, குடலிலே இல்லை, சதையிலேயே ஒட்டியிருக்கிறது. தின்றவளின் இரத்தத்திலே கலந்து கருப்பைக்குள்ளும் போய், வளரும் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. தாய் நன்றாக நடமாடுவாள். பிள்ளை முடங்கிப் பிறக்கும்.

கற்பனை என்று எண்ணவேண்டாம். ஜப்பானிலே மினமாட்டா என்றொரு மீனவர் ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பெனி 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலிலே கொட்டியது. முதலிலே பூனைகள் ஆடின. ஆம், கரை மீனைத் தின்ற பூனைகள் பித்துப் பிடித்தவைபோல் சுழன்று ஆடிச் செத்தன. பிறகு மனிதர்கள் கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, பார்வை சுருங்கி வீழ்ந்தார்கள். 1956 மே முதல் நாள் அந்த நோய் அரசாங்க ஏட்டிலே ஏறியது. 1959-இல் கம்பெனியின் சொந்த மருத்துவரே ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்து உண்மையைக் கண்டுகொண்டார். கம்பெனி அதை மூடி மறைத்தது. அதே ஆண்டுக் கடைசியிலே, இனிமேல் கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, நோயாளிகளுக்கு 'அனுதாபப் பணம்' என்று கொஞ்சம் வீசியது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது எப்போது? 1968 செப்டம்பரில். பன்னிரண்டு ஆண்டு! அத்தனை காலமும் அந்த மக்கள் மீன் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். வேறு எதைத் தின்பார்கள்?

ஜப்பான் தொலைவு என்பவர்களுக்குக் கொடைக்கானலைக் காட்டுவோம். நம் ஊர்ப் பக்கம் ஓடுவது பம்பை ஆறு. கொடைக்கானல் சோலைக்குள்ளே ஓடுவது பாம்பாறு. அந்தச் சோலைக்கு மேலே 1980-களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவிலே வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. பிறகு இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்குப் போனது. 2001 மார்ச்சிலே மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையிலே பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் 7.4 டன் கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் ஆலை நின்றது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016-இல்; பதினைந்து ஆண்டு தெருவிலே நின்ற பிறகு!

மீன் கதை இதிலே எங்கே என்கிறீர்களா? படகு விட்டு மகிழ்கிறார்களே, அந்தக் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை அணுசக்தித் துறையின் ஐதராபாத் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசமே காரணம் என்றும் எழுதினார்கள். பாதரசம் ஆவியாகிக் காற்றிலே பறக்கக்கூடியது. அதற்கு வாய்க்கால் வெட்டித்தர வேண்டியதில்லை.

இன்னும் அருகே வருவோம். நெய்வேலி நமக்கு எத்தனை தூரம்? அங்கே சுரங்கத்தையும் அனல் நிலையத்தையும் சுற்றியுள்ள நீர்நிலைகள் கெட்டிருப்பதைப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அமைப்பும் 2023-இல் அறிக்கையாக வெளியிட்டன. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே நீரை எடுத்துச் சோதித்து, பெரும்பாலான மாதிரிகளில் பாதரசம் வரம்பை மீறியிருப்பதாக 2025-இல் அறிக்கை தந்தது. அந்தப் பகுதி நீரைச் சுமக்கும் பரவனாறு கடலூர்ப் பக்கந்தான் போகிறது. கடலூரிலோ உப்பனாற்றங்கரையிலே சிப்காட் இரசாயன ஆலைகள். ஆற்றிலே வலை வீசிப் பிழைத்த மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள்.

உடனே அலறிக்கொண்டு மீன்கார அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்! 2018-இல் கேரள எல்லையிலே பார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டபோது என்ன நடந்தது? மருந்தைக் கலந்தவன் எவனோ. விற்காத கூடையோடு வெயிலிலே நின்றவள் அந்த ஏழை. மீன் நல்ல உணவு. ஏழை வீட்டுக்கு எட்டுகிற புரதம் அது. ஒரு நாள் வஞ்சிரம் தின்றதனாலே எவருக்கும் கேடு வந்துவிடாது. சூல் கொண்டவளும் பால் கொடுப்பவளும் சுறாவையும் பெரிய வேட்டை மீனையும் தள்ளி வைத்து, நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் தின்னட்டும். பால்சுறா அளவிலே சின்னதுதான். என்றாலும் சுறா சுறாதானே!

ஆனால் மீனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதையும் அடுப்படியிலே நிற்கும் பெண்ணின் தலையிலே கட்டிவிட்டு ஆட்சியாளர் ஒதுங்கிக்கொள்ளலாமா? மீனிலே இவ்வளவுக்கு மேல் பாதரசம் இருக்கலாகாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. மினமாட்டா பெயராலேயே 2013-இல் உருவான உலக உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஏடு நிறையச் சட்டம் இருக்கிறது. கடலூர்த் துறைமுகத்திலே இறங்கும் மீனையும் மரக்காணம் கரையேறும் மீனையும் மாதந்தோறும் எடுத்துச் சோதித்து, இந்த மீனிலே இவ்வளவு என்று விழுப்புரம் மீன் மார்க்கெட் வாசலிலே தமிழிலே பலகை எழுதி வையுங்கள் என்கிறோம். அரிசி விலையை எழுதி வைக்க முடிகிற அரசுக்கு இது முடியாதா? கெட்டிருந்தால் மீனவனுக்கு நட்டஈடு கொடுங்கள். அதைக் கழிவு விட்டவனிடம் வசூலியுங்கள்.

இதையெல்லாம் அன்று அந்த மீன்கார அம்மாவிடம் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் என்னையே பார்த்தார்.

"எங்க வூட்டுப் புள்ளைங்களும் இதத்தானேப்பா துன்னுது" என்றார்.

கைக்குழந்தைக்காரியின் தாய் கால் கிலோ நெத்திலி வாங்கினார். மனம் ஒப்பவில்லை, வஞ்சிரத்திலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.