பிளக்கில் சார்ஜ் ஆகும் கார்

லேப்டாப்பை பிளக்கில் சொருகி சார்ஜ் செய்கிறோம். காரையும் அப்படிச் செய்ய முடியுமா? முடியும். இவ்வகைக் கார்களை பிளக்-இன் ஹைபிரிட் என்கிறார்கள்.

2016-ல் இந்தியாவில் அறிமுகமான வால்வோ எக்ஸ்சி90 டி8 என்ற சொகுசு எஸ்யூவியை எடுத்துக் கொள்வோம். இதன் முன் சக்கரங்களை 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும், பின் சக்கரங்களை மின் மோட்டாரும் சுழற்றுகின்றன. எது எப்போது இயங்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் தரும்.

பேட்டரியின் கொள்ளளவு, நம் வீட்டு மீட்டர் கணக்கில் 9.2 யூனிட். 16 ஆம்பியர் பிளக்கில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சார்ஜ் ஆகிவிடும். மின்சாரத்தில் மட்டும் சுமார் 40 கி.மீ. ஓடும் என்பது கம்பெனி கணக்கு. குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்கு சுமார் 20 கி.மீ. போய்த் திரும்பினால் சார்ஜ் தீர்ந்துவிடும், பிறகு பெட்ரோல்தான்.

சார்ஜ் செய்யாமலே ஓட்டினால் பேட்டரி வெறும் சுமை. இவ்வகைக் கார்கள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூட அளவைப் போல சராசரியாக 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் தெரிவித்தது. பலர் எதிர்பார்த்த அளவு சார்ஜ் செய்யாததே முக்கியக் காரணம்.

எனவே மைலேஜ் எண்ணைப் பார்க்கும் முன், கார் நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.