ஜான் பி. ஹிக்கின்ஸ்: பாகவதர் என்னும் புகழும் பதம் என்னும் ஆய்வுப்பொருளும்

திறவுச்சொற்கள்: ஹிக்கின்ஸ், பாலசரஸ்வதி, சதிர், பதம், இசையியல், சென்னை.

முன்னுரை

சென்னைச் சபாக்களின் நினைவில் ஜான் பார்த்விக் ஹிக்கின்ஸ் (1939–1984) ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே நிலைபெற்றுள்ளார். ஓர் அமெரிக்கர் கருநாடக இசை பாடினார் என்னும் வியப்பே அவரைப் பற்றிய பேச்சில் மேலோங்கி நிற்கிறது. இவ்வியப்பு அவருக்கு நன்மை செய்ததைவிடத் தீமை செய்ததே மிகுதி எனலாம். சதிராட்ட மரபின் இசையை அம்மரபினரிடமே கற்று முறையாக ஆவணப்படுத்திய ஆய்வாளர் என்னும் அவரது மற்றொரு முகம் இதனால் மறைந்துபோயிற்று. அம்முகத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வியும் சென்னை வருகையும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் பிறந்த ஹிக்கின்ஸ், தம் மூன்று பட்டங்களையும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலேயே பெற்றார். 1962-இல் இசையிலும் வரலாற்றிலும் இளங்கலை, 1964-இல் இசையியலில் முதுகலை, 1973-இல் இனவரைவு இசையியலில் முனைவர் பட்டம் என்பது அவரது கல்வி வரிசை. அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ராபர்ட் இ. பிரவுன். சென்னையில் மிருதங்கம் பயின்று அதனையே தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கியவர் அவர். ஓர் இசைமரபை ஆராய முனைபவர் அதனை இசைக்கவும் கற்க வேண்டும் என்பது பிரவுனின் ஆசிரியர் மேன்டில் ஹுட் 1960-இல் வலியுறுத்திய ‘இருமரபு இசைமை’ என்னும் கருத்தாகும். மொழி அறியாதவர் இலக்கணம் எழுதலாகாது என்பதை ஒத்த வாதம் இது.

1963 முதல் வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்த டி. ரங்கநாதன் வழியாக ஹிக்கின்ஸ் வீணை தனம்மாள் குடும்பத்தோடு தொடர்பு பெற்றார். பின்னர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்து, ரங்கநாதனின் தம்பியும் அப்போது சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை வகித்தவருமான புல்லாங்குழல் மேதை டி. விஸ்வநாதனிடம் பாடக் கற்றார். திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையில் பாடி வரவேற்புப் பெற்றது இதன்பின் குறுகிய காலத்திலேயே நிகழ்ந்தது. அதன்பின் இவ்விருவரின் தமக்கை டி. பாலசரஸ்வதியிடம் பயின்றார்.

பதமும் மொழியும்

பாலசரஸ்வதியிடம் சென்றது பாடகர் ஒருவர் தம் உருப்படித் தொகையைப் பெருக்கிக்கொண்ட செயல் மட்டுமன்று. 1932-இல் சென்னை மியூசிக் அகாதமி சதிருக்குப் பரதநாட்டியம் என்னும் பெயரை முன்வைத்தது. 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் தோன்றியது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆடல் புதிய மேடையில் புதிய மதிப்புப் பெற்றபோது, அதனைக் காத்த குடும்பங்கள் ஓரத்திற்குச் சென்றன. ஆடலுக்குரிய இசை கச்சேரி இசைக்குத் துணையானது என்ற அளவிலேயே மதிக்கப்பட்டது. தனம்மாள் குடும்பத்தில் இப்பிரிவினை இல்லை. தாயார் ஜெயம்மாள் பாட, தம்பியர் குழலும் மிருதங்கமும் இசைக்க, பாலசரஸ்வதி ஆடிக்கொண்டே தாமும் பாடுவார். 1975-இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் ஆடல் நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்ட அவர், அலாரிப்பைக் கோபுரமாகவும் பதத்தைக் கருவறை புகும் அனுபவமாகவும் காட்டினார்.

பதம் மிகவும் விளம்பமான நடையில் அமைவது. ஒரு குறில் பல அட்சரங்களுக்கு நீளக்கூடும். ஆயினும் கேட்பவர் அதனை நெடிலாகக் கொள்ளாதவாறு சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் பாட வேண்டும். ஆங்கிலச் சொல்லின் வடிவம் அழுத்தத்தால் அமைவது. தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களின் வடிவமோ மாத்திரையால் அமைவது. அழுத்தத்திற்குப் பழகிய நா, கமகத்தின் அசைவில் தானறியாமலேயே ஓர் அசையை மேலெழுப்பி விடும். லகர ளகர ழகர வேறுபாடு இதனினும் எளிது. அது பயிற்சியால் கைவரும். மாத்திரை உணர்வு, பாடுபவர் பொருளை அறிந்து பாடினாலன்றி வாய்ப்பதில்லை. ஹிக்கின்ஸ் பாடிய ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பதிவைக் கேட்போர் இதனை உணரலாம். பாலசரஸ்வதியின் அபிநயத்தால் புகழ்பெற்ற இவ்வுருப்படியில் சொல் ஒவ்வொன்றும் அபிநயத்திற்கு இடம்விட்டு நிற்கிறது. ஆடலுக்குப் பாடும் மரபின் அடையாளம் இதுவே. குரல் இனிமையை மட்டும் போற்றிய விமர்சனங்கள் இதனைக் கவனிக்கத் தவறின.

ஆய்வேடும் பணியும்

அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியது. நாட்டிய நூல்கள் பெரும்பாலும் அடவையும் அபிநயத்தையும் விளக்கி இசையைப் பின்னணியாக விடுகின்றன. ஹிக்கின்ஸ் இசையையே மையத்தில் வைத்தார். சென்னைக்கு இம்முயற்சி அயலானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்நகரில் சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பித்திருந்தார். ஆயினும் முதலியாரின் நாட்டம் கீர்த்தனையில் நின்றது. சதிரின் இசை அவ்வகை அக்கறைக்கு நெடுங்காலம் காத்திருந்தது.

1971-இல் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரனுடன் இணைந்து இந்திய இசைக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். சங்கரனும் ரங்கநாதனும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணாக்கர். ஆகவே வெஸ்லியனிலும் யார்க்கிலும் ஒரே மிருதங்க வழி வேரூன்றியது. அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் முதுநிலை ஆய்வாளராகவும் அவர் மீண்டும் இந்தியா வந்தார். 1978-இல் வெஸ்லியனுக்குத் திரும்பிப் பேராசிரியராகவும் கலை மையத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

பாலசரஸ்வதி 1984 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, மது அருந்தி வாகனம் ஓட்டிய ஒருவரால் ஹிக்கின்ஸ் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 45. ஆய்வேடு நூலாக வெளிவந்தது 1993-இல். அதற்குள் பாலசரஸ்வதியின் தம்பி ரங்கநாதனும் காலமாகியிருந்தார். நூலைக் கண்டவர் விஸ்வநாதன் ஒருவரே.