காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரங்கள்

மழைக்காலத்தில் வரும் காய்ச்சலைப் பெரும்பாலானோர் ஒரு நோயாகவே எண்ணி, மருந்துக்கடையில் வாங்கிய பாராசிட்டமாலை விழுங்கியபடி மூன்று நான்கு நாட்களைக் கழித்துவிடுகின்றனர். மருத்துவமோ காய்ச்சலை ஓர் அறிகுறியாகவே கொள்கிறது. கிருமி உடலுக்குள் புகுந்ததும் நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள், மூளையின் அடிப்பகுதியில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டி உடல் வெப்பத்தின் அளவை உயர்த்திவைப்பதால் உண்டாவதே காய்ச்சல். புகுந்த கிருமி எதுவானாலும் வெப்பமானி ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், 102 டிகிரி என்ற செய்தியைக் கொண்டு மருத்துவர் அறியக்கூடியது மிகக் குறைவு. நோயாளி கடந்த இரண்டு வாரங்களில் எந்த நீரில் கால் வைத்தார், எந்தப் புதரில் வேலை செய்தார், எந்தக் குளத்தில் மூழ்கினார் என்ற விவரங்கள் அதைவிட எவ்வளவோ மேலானவை. நோயாளிகள் சொல்ல மறப்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

இந்த விவரங்கள் ஏன் முக்கியம் என்பதற்குத் திருவனந்தபுரம் ஓர் எடுத்துக்காட்டு. இடவப்பாதி என்று உள்ளூரார் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்திலும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலும் வருவதால், இந்நகரத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. சற்றுப் பலமாகப் பெய்தால் இங்குள்ள கிழக்கேகோட்டை, தம்பானூர் பகுதிகள் நீரில் மிதப்பது நெடுநாளைய வழக்கம். அதற்குத் தீர்வாக, அடைபட்ட ஓடைகளைத் திறந்துவிட 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஒரு திட்டமே தொடங்கப்பட்டது. தெருவில் தேங்கும் மழைநீர் சாக்கடை நீரோடும் எலிப் பொந்துகளிலிருந்து வெளியேறும் நீரோடும் கலந்து கணுக்காலை நனைக்கும்போதுதான் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சலுக்கு வழி திறக்கிறது. மலையாளத்தில் எலிப்பனி எனப்படும் இந்நோய் கேரளத்தின் மழைக்காலக் காய்ச்சல்களில் மிகுதியாக உயிர் குடிப்பவற்றுள் ஒன்று.

மஞ்சட்காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து வரும் ஒரு காய்ச்சலை 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் தனித்து அடையாளம் கண்டு விவரித்ததால், நோயின் கடுமையான வடிவம் இன்றும் வைல் நோய் என்றே வழங்குகிறது. காரணம் என்ன என்பது 1915-இல்தான் தெளிந்தது; ஜப்பானின் கியூஷு பகுதியில், ஈரம் நிறைந்த நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தோரை இந்நோய் வாட்டிவந்த நிலையில், இனாடா, இடோ என்னும் இரு மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும் திருகுபோல் சுருண்ட ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். இந்தியாவில் அந்தமான் தீவுகளில் 1988 முதல் அவ்வப்போது தோன்றி, நுரையீரலில் இரத்தக்கசிவை உண்டாக்கிப் பலரைக் கொன்ற இனந்தெரியாத காய்ச்சலும் பின்னர் இதுவே என்று உறுதியானது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேரை இது தாக்குவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகவும் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, எலிக்கு எந்தத் தொல்லையும் தராமல், அதன் சிறுநீரில் மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். எலியின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டாலும் மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் இது வெளிப்படுவதுண்டு என்பதால், தொழுவத்தைக் கழுவுவோருக்கும் ஆபத்து உண்டு. வறட்சியிலும் உப்புநீரிலும் விரைவில் மடிந்துவிடும் இக்கிருமி, வெதுவெதுப்பான நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் உயிர்வாழ்கிறது. காலிலுள்ள சிறு சிராய்ப்பு, பித்தவெடிப்பு, நெடுநேரம் நீரில் ஊறி மென்மையான தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் ஈரமான உட்படலம் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று அது உள்ளே நுழையப் போதும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவது மிக அரிது.

உள்ளே புகுந்த கிருமி பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தன்னை வெளிக்காட்டுகிறது. காய்ச்சல் திடீரென்று குளிருடன் ஏறும். தலைவலி கடுமையாக இருக்கும். உடல்வலி எல்லாக் காய்ச்சலிலும் உண்டு என்றாலும், இதில் கெண்டைக்கால் தசையும் இடுப்பும் தொட்டாலே துடிக்கும் அளவுக்கு வலிக்கும். கண்ணின் வெள்ளைப்பகுதி சிவந்துவிடும். ஆனால் கண்நோயில் வருவதுபோல் பீளை தள்ளாது. கெண்டைக்கால் வலியும் பீளையற்ற சிவந்த கண்ணும் ஒருசேர அமைந்தால், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலை ஐயுறுவதற்கு அதுவே போதுமானது. பலருக்கு ஒரு வாரத்தில் நோய் தணிந்துவிடுகிறது. சிறுபகுதியினருக்கு மட்டும், ஓரிரு நாள் காய்ச்சல் விட்டதுபோல் தோன்றியபின் மஞ்சட்காமாலை, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படுகின்றன.

கண் மஞ்சளானதும் கீழாநெல்லியைத் தேடிச் செல்லும் பழக்கம் தமிழரிடமும் மலையாளிகளிடமும் ஆழ வேரூன்றியிருப்பதால், பலர் மருத்துவமனையை அடைவது காலங்கடந்த பின்னரே. கெட்ட நீர், உணவு வழியாகப் பரவும் வைரஸ் காமாலையில், கண் மஞ்சளாகும் வேளையில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். எலிக்காய்ச்சலில் மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்தே நீடிப்பது வழக்கம். இந்த வேறுபாட்டை வீட்டிலுள்ளோர் அறிந்திருந்தாலே சில உயிர்கள் பிழைக்கும்.

ஆய்வகச் சோதனையும் நாட்கணக்கைப் பொறுத்தது. நோயை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதங்கள் இரத்தத்தில் தென்பட ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், இரண்டாம் நாளில் எடுத்த எதிர்ப்புரதச் சோதனை 'இல்லை' என்று சொல்வதை நம்பி நிம்மதி கொள்வது பிழை. அனுபவமுள்ள மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியையும் நோயாளி சொல்லும் விவரத்தையும் கொண்டே டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தொடங்கிவிடுகின்றனர். வடிகாலில் இறங்கிய செய்தியை நோயாளி சொல்லாதிருந்தால் இந்த முடிவு தாமதப்படும்.

இதே காலத்தில் பரவும் டெங்குவை உண்டாக்குவது வைரஸ். பூச்சட்டித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் தேங்கும் நீரில் பெருகி, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அதைப் பரப்புகிறது. கண்ணுக்குப் பின்னால் வலியும் தோலில் தடிப்பும் இதன் குறிகள். காய்ச்சல் இறங்கும் நாளே டெங்குவில் ஆபத்தான நாள் என்பதைப் பலர் அறிவதில்லை. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனை செல்லவேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால், டெங்கு ஐயம் உள்ளவரை அவற்றைத் தவிர்ப்பதே முறை. புதர் மண்டிய இடங்களில் வாழும் உண்ணி போன்ற நுண்பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸில், அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருநிறப் பொருக்கு காணப்படலாம். வலியற்ற அதனை நோயாளி பெரும்பாலும் கவனிப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் கேரளத்தைக் கலங்கவைத்த அமீபா மூளைக்காய்ச்சல் இவற்றினும் அரிதானது, ஆயினும் மிகக் கொடியது. தேங்கிய நன்னீர் மூக்கினுள் ஏறும்போது அதன் வழியே அமீபா மூளையை அடைகிறது. அந்நீரைக் குடிப்பதால் இது வருவதில்லை.

2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் கிளம்பியது. சேறு அள்ளியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் முன்கூட்டியே வழங்கப்பட்டது. வடிகால் துப்புரவாளர்கள், வயல்வேலை செய்வோர், வேலையுறுதித் திட்டத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இதே முறை மழைக்காலத்தில் இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இம்மருந்து பொதுவாகத் தரப்படுவதில்லை என்பதால், மருத்துவரைக் கேளாமல் எவரும் இதனை உட்கொள்ளலாகாது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் காலணியையும் கையுறையையும் கொடுக்காமல் ஒருவரைச் சாக்கடையில் இறக்குவது நோய்த்தடுப்பு ஆகாது. அது பணிக்கமர்த்துவோரின் பொறுப்பின்மையே.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டவர்கள், எந்த நாளில் எந்த நீரில் இறங்கினோம் என்பதை ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கேரளத்தில் இருப்போர் மாநில அரசின் 'திசா' உதவி மையத்தை 1056 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை பெறலாம்.