ஏலக்காட்டில் நான்கு நாள்

டிசம்பர் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பல்கலைக்கழகத் தோழிகள் இருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏலக்காய் செடியில் எங்கே காய்க்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். "கிளையில்தான், வேறெங்கே?" என்றேன். ஏலக்காய் தட்டிப்போட்ட தேநீர் இல்லாமல் காலை விடியாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனால் என் பதில் தவறு. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய்கள் அதன் அடியில், தரையோடு படரும் சரங்களில்தான் பிடிக்கின்றன.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அருகிலுள்ள ஒரு நறுமணப்பயிர்த் தோட்டத்தில் நான்கு நாள் தங்கியபோதுதான் இதை நேரில் பார்த்தேன். தோட்டக்காரரின் வீட்டிலேயே விருந்தினராகத் தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, தோட்ட வேலையை அருகிலிருந்து பார்க்கும் 'பண்ணைத் தங்கல்' இது.

மதுரைக்கு விமானத்தில் போய், தேனி, கம்பம் வழியாகக் காரில் மலையேறினோம். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, லோயர் கேம்ப்புக்கு மேல் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் காற்று குளிர்ந்துவிட்டது. குமுளியில் ஊருக்குள்ளேயே மாநில எல்லை வந்துவிடுகிறது. கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கின்றன.

முதல் நாள் ஏமாற்றம்

பண்ணை வீட்டுக்குப் போகும் வழியில், சாலையோரத்தில் இருந்த ஒரு 'மசாலாத் தோட்ட'த்துக்குள் நுழைந்தோம். நுழைவுக் கட்டணம் கட்டியதும் வழிகாட்டி ஒருவர் அரைமணி நேரத்தில் முப்பது செடிகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோயைத் தீர்க்குமாம். நடை முடிந்த இடத்தில் ஒரு கடை. முடி வளர ஒரு எண்ணெய், மூட்டுவலிக்கு ஒரு எண்ணெய் என்று எங்கள் கைகளில் திணித்தார்கள். நானும் இரண்டு குப்பிகள் வாங்கிவிட்டேன். அந்தத் தோட்டத்தில் விவசாயி எவரையும் நாங்கள் பார்க்கவில்லை என்பது காருக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

நிழலுக்குள் ஒரு தோட்டம்

நாங்கள் தங்கிய வீட்டில் விருந்தினருக்கு மூன்றே அறைகள். "கிணற்றுத் தண்ணீர் மூன்று அறைக்குத்தான் தாங்கும்," என்றார் தோட்டக்காரர். அவரைச் சேட்டா என்றும் அவர் மனைவியைச் சேச்சி என்றும் அழைத்தோம். இருவரும் நன்றாகத் தமிழ் பேசினார்கள்.

வீட்டைச் சுற்றியிருந்த நிலம் வரிசை கட்டிய தோட்டமாகத் தெரியவில்லை, சிறு காடு போலத்தான் இருந்தது. பலா போன்ற உயர்ந்த மரங்கள் மேலே குடை பிடித்தன. அவற்றின் தண்டுகளில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அதற்குக் கீழே காபி, காபிக்கும் கீழே ஏலம், ஓரங்களில் இஞ்சியும் மஞ்சளும். ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது. மரத்தை வெட்டினால் ஏலமும் போய்விடும் என்பதால், பயிரே காட்டைக் காப்பாற்றுகிறது.

ஏலப்பூ காலையில் மலர்ந்து அன்று மாலையே வாடிவிடும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்தால் பூச்சியோடு தேனீயும் சாகும். ஏலம் அதிகமாக மருந்து அடிக்கப்படும் பயிர்களில் ஒன்று. சேட்டா முழு இயற்கை விவசாயி அல்லர். "மருந்தே அடிப்பதில்லை என்று சொன்னால் பொய்," என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பூக்கும் காலத்தில் குறைத்துக்கொள்கிறார், தோட்டத்தில் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறார். சாலையோர வழிகாட்டி சொன்ன முப்பது மருத்துவக் குணங்களைவிட இந்த ஒரு பதில் எனக்கு நம்பிக்கை தந்தது.

ஏலம் ஏலத்துக்குப் போகும்போது

பறித்த காயை அப்படியே விற்க முடியாது. சுமார் ஐம்பது டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்த வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். பிறகு காம்பு நீக்கி, சலித்து, அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய காய்க்கு மதிப்பு அதிகம். இறுதியில் அது இடுக்கியிலுள்ள புற்றடிக்கோ தமிழ்நாட்டின் போடிநாயக்கனூருக்கோ போகிறது. இந்திய நறுமணப்பொருள் வாரியத்தின் மின் ஏலம் இந்த இரண்டு ஊர்களில் நடக்கிறது.

விலையோ விவசாயியின் கையில் இல்லை. 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே விழுந்தது. 2024 கோடையின் கடும் வறட்சியில் இடுக்கியில் ஏராளமான ஏலச்செடிகள் கருகிப்போயின. விலை இருக்கும்போது விளைச்சல் இல்லை, விளைச்சல் இருக்கும்போது விலை இல்லை.

சிறு விவசாயிக்கு அந்த மூன்று அறைகளின் வாடகை இங்குதான் கைகொடுக்கிறது. விலை விழுந்த ஆண்டில் நிலத்தை விற்காமலும் மரத்தை வெட்டாமலும் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது. ஆனால் அதே வருமானம் ஆசையையும் தூண்டும். மூன்று அறை முப்பது அறையானால் சரிவைக் குடைய வேண்டும், மரம் விழும், கிணறு வற்றும். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் நேர்ந்த பெரும் நிலச்சரிவுக்குப் பிறகு, மலைச்சரிவுகளில் எவ்வளவு கட்டலாம் என்ற கேள்வி கேரளத்தில் இன்னும் வலுத்திருக்கிறது.

ஒரு வாரக் கூலி

மூன்றாம் நாள் காய் பறிக்கக் கற்றுக்கொள்ளப் போனோம். குனிந்து, இலைகளை விலக்கி, முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சை விட்டுவைத்தால்தான் அடுத்த சுற்றில் காய் கிடைக்கும். இருபது நிமிடத்தில் என் இடுப்பு விட்டுப்போனது. பக்கத்தில் ஆறு பெண்கள் காலையிலிருந்து அதே குனிவில் இருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடன் உட்கார்ந்தேன். எல்லாரும் கம்பம் பக்கத்துத் தமிழர்கள். எல்லைக்கு அப்பாலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டு வேலைக்கு வரும் ஏராளமானோரில் அவர்களும் சிலர்.

"எந்த ஊரு பாப்பா?" என்றார் மூத்தவர்.

"சிங்கப்பூர்க்கா."

"அங்கயும் தமிழ் பேசுவாங்களா?" என்று சிரித்தவர், "இங்க தங்க ஒரு நாளைக்கு எம்புட்டு வாங்குறாக?" என்று கேட்டார்.

சொன்னேன். சிங்கப்பூர்க் கணக்கில் நாங்கள் மூவரும் சாதாரண உணவகம் ஒன்றில் ஒருமுறை சாப்பிடும் செலவுதான் அது. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "எனக்கு ஒரு வாரக் கூலி," என்றார். குரலில் கோபம் இல்லை. தம் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கும் கொஞ்சம் புளிச்சோறு வைத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஜீப் ஏறுகிறார். ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "யாரு எண்ணுனா? இடம் இருக்கிற வரைக்கும் ஏறுவோம்," என்றார். அப்படி ஆள் நிறைந்து வரும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகள் அவ்வப்போது வருவதுண்டு.

அன்றிரவு சேட்டாவிடம் இதைக் கேட்டேன். விலை விழுந்த ஆண்டுகளிலும் அந்த ஆறு பேரை நிறுத்தாமல் வைத்திருந்ததற்கு விருந்தினர் பணமே காரணம் என்றார். கூலியை உயர்த்தினீர்களா என்றபோது சற்று நேரம் பேசவில்லை. "இல்லை," என்றார். விருந்தினருக்குக் காய் பறிக்கக் கற்றுத்தரும் வேலையை அந்தப் பெண்களிடமே விட்டு, அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கலாமே என்றாள் என் தோழி. யோசிப்பதாகச் சொன்னார். இன்னொருவர் வீட்டில் விருந்தாளியாக இருந்துகொண்டு இதைக் கேட்டது சரியா என்று இன்றும் எனக்குள் ஒரு தயக்கம் உண்டு. கேட்காமல் வந்திருந்தால் அதைவிட உறுத்தியிருக்கும்.

யாருக்கு நல்ல இடம்?

2002இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வெளியான பிரகடனம், பொறுப்புள்ள சுற்றுலாவின் நோக்கத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தியது. ஓர் இடம் முதலில் அங்கு வாழ்பவர்களுக்கு நல்லதாக வேண்டும், பிறகு வருபவர்களுக்கு. கேரளம் 2008இல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் இதைத் தொடங்கியது. 2017இல் அதற்கெனத் தனி இயக்கமும் அமைத்தது. குமரகத்தில் உள்ளூர்ப் பெண்கள் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை ஹோட்டல்கள் வாங்கத் தொடங்கியது நல்ல முன்னுதாரணம்.

குமுளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில், இலவங்கப்பட்டைக்கு உறவான வயணை மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் இருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் குழுவாக்கி, சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் பணியையும் காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கும் பணியையும் கொடுத்தது. காட்டைத் தெரிந்தவர்களின் அறிவுக்கு நேர்மையான கூலி கிடைத்ததும் அவர்களே அதன் காவலர்கள் ஆனார்கள்.

போகுமுன் கேளுங்கள்

அடுத்த விடுமுறைக்குப் பண்ணைத் தங்கலைத் தேடும் மாணவர்கள், அழகான படங்களைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுமுன் சில கேள்விகளைக் கேட்கலாம். அங்கு உண்மையில் விவசாயம் நடக்கிறதா? மொத்தம் எத்தனை அறைகள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது? 'ஆர்கானிக்' என்றால் சான்றிதழ் உண்டா? உணவுப் பொருள்கள் யாரிடம் வாங்கப்படுகின்றன? வேலை செய்பவர்கள் யார், அவர்களுக்கு விருந்தினர் வருகையால் என்ன கிடைக்கிறது? எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் வராது. பதில் சொல்லத் தயங்காத இடமாவது நமக்குத் தெரியவரும்.

நமக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1822இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ராஃபிள்ஸ் அமைத்த தோட்டத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்ந்தன. ஆர்ச்சர்ட் சாலைக்குப் பெயர் வரக் காரணமான தோட்டங்களில் ஜாதிக்காய் நிறைந்திருந்தது. 1850களில் பரவிய நோயில் அந்த மரங்கள் அழிந்தன. ஒரே பயிரை நம்பியிருந்தவர்கள் நொடித்துப்போனார்கள்.

கிளம்பும்போது சேச்சி கால் கிலோ ஏலக்காய் பொட்டலம் கட்டிக்கொடுத்தார். வீட்டில் அதைப் பிரித்ததும் அம்மா முகர்ந்து பார்த்து, "என்ன விலை?" என்றார். விலையைச் சொன்னேன். பிறகு அந்த அக்காவின் கதையையும் சொன்னேன். இப்போது காலைத் தேநீருக்கு அம்மா காயை எண்ணித்தான் தட்டுகிறார்.