நோவறிந்தோர் துணை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர் நம் முன்னோர். பிறரைக் குறைகூறவே இப்பழமொழியை நாம் பெரும்பாலும் கையாளுகின்றோம். ஆயினும் ஒரு நோயை அனுபவித்தவரே அந்நோயாளிக்கு உற்ற துணையாவார் என்னும் உண்மையும் அதில் அடங்கியிருக்கின்றது.

சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் தாயும் தந்தையும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குச் சென்றால்தான் பல வீடுகளில் அடுப்பெரியும். அத்தகைய வீடொன்றில் நான்கைந்து வயதுச் சிறுவன் அடிக்கடி இடறி விழுகின்றான். தரையிலிருந்து எழுகையில் கைகளைத் தொடைமீது ஊன்றி ஊன்றி எழுகின்றான் எனக் கொள்வோம். இவை தசைச்சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதில் டுஷேன் எனப்படும் வகை பெரும்பாலும் ஆண்மக்களையே தாக்குகின்றது. பொதுவாகப் பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுவிடும். பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும். இன்றைய மருந்துகள் நோயின் வேகத்தைத் தணிக்குமேயன்றி அதனை அடியோடு அகற்றுவதில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வேலையை விடுகின்றாள், வருமானம் பாதியாகின்றது. போதாக்குறைக்கு, குறை அவள் வழி வந்ததென்று உறவினர் பழியும் சுமத்துவர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இக்குறை தாய்வழி வராமல் புதிதாகவே தோன்றுகின்றது. தாய்வழி வந்தாலும் அது அவள் செய்த குற்றமாகுமோ?

இதனை மருத்துவர் விளக்கலாம். ஆனால் இரவில் பலமுறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பதெப்படி, குதிகால் நரம்பு இறுகாதபடி நாள்தோறும் காலை நீட்டிவிடுவதெப்படி என்பனவற்றை, அதே பாடுபட்ட இன்னொரு தாய் ஒரு மாலைப்பொழுதில் கற்றுத் தந்துவிடுவாள். காலையில் தலைவலி, பகலில் தூக்கம் என்று பிள்ளை சொன்னால் இரவில் மூச்சுக் குறைகின்றதோ என்று ஐயுற்று உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டுமென எச்சரிப்பவளும் அவளே.

எனினும் பெற்றோர் பலர் இத்தகைய சந்திப்பை அஞ்சுகின்றனர். சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞனைக் கண்டால் தம் பிள்ளை மனமுடைந்து போவானே என்பது அவர்கள் அச்சம். அது நியாயமானதே. ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கின்றார் என்பதையும் பிள்ளை காணட்டும்.

இராசபாளையம் கடந்து தென்காசிப் பக்கம் சென்றால் ஆய்க்குடி வரும். பொறியியல் மாணவராயிருந்த இராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல் அவ்வூரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவால் சிறுவயது முதல் வருந்திய பட்டயக் கணக்கர் சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். நோய் வெவ்வேறாயினும் இருவருக்கும் சக்கர நாற்காலி ஒன்றே. ஒருவருக்கொருவர் துணைநின்று, ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்தரும் நிறுவனத்தை அவர்கள் வளர்த்தனர்.

சேலத்தில் வானவன்மாதேவி, இயலிசைவல்லபி என்னும் சகோதரியர் இருவரும் தசைச்சிதைவுக்கு உள்ளானவர்கள். தம்மைப்போல் வருந்துவோருக்காக ஆதவ் அறக்கட்டளையை நிறுவினர். மாதேவி 2017-இல் மறைந்தார். அவர்தம் நோய் தீரவில்லை. ஆயினும் அவரை நாடி வந்தோர் தனித்து விடப்படவில்லை.

நம் பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியது யாது? இந்நோயுள்ள பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், "ஐயோ பாவம்" என்று கூறி அகலாதீர்கள். அக்குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டு, இதே துன்பமுள்ள மற்றொரு குடும்பத்தோடு அவர்களைச் சேர்த்து வையுங்கள். சந்திக்கச் செல்லும் நாளில் வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். தாய் வெளியே போய்வர இரண்டு மணி நேரம் பிள்ளையோடு இருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவும் இடம்பெற்றுள்ளது. அரசின் மாதாந்தரப் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்க, விருதுநகரிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்வரை அவர்களுக்குத் துணையாகச் செல்லுங்கள். மறுமாதமும் மறவாது அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.