குடற்புழுக்களும் நாம் நடக்கும் மண்ணும்

மனிதன் உண்ணும் உணவிலும் அவன் குருதியிலும் பங்கு கொண்டு, அவன் குடலையே உறைவிடமாக்கி வாழும் புழுக்கள் பல. வட்டப்புழு, கொளுக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி என்பன அவற்றுள் முக்கியமானவை. மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் 150 கோடி மக்களைப் பீடித்துள்ளன என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவற்றுக்கு மருந்துண்டு, ஆயினும் மருந்து மட்டும் போதாது என்பதை இலங்கையின் வரலாறே காட்டுகின்றது.

கொளுக்கிப்புழு ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் நீளமுடையது. சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுவது. அதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, நிழலும் ஈரமும் உள்ள மண்ணிற் பொரிக்கும். 5 முதல் 10 நாட்களில் முதிரும் குடம்பிகள், வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். குருதியோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். தோல்வழியே புழு நுழைதலை 1898 இல், கெய்ரோ நகரில், ஆதர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம் கையிலேயே கண்டறிந்தார். புழுக்கள் மிகுந்தால் இரத்தசோகை தோன்றும். சோகையுற்றவனின் தளர்ச்சியைச் சோம்பல் எனப் பழித்தல் எளிது. அது நோய் என்றுணர்தலே அறிவு.

தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைத்தனர். அவர்கள் குடியிருந்த லயன்களிற் போதிய மலசலகூடங்கள் இருக்கவில்லை. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதியிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு முயற்சியைத் தொடங்கி, தொழிலாளருக்கு மருந்து வழங்கினர். புழுக்கள் நீங்கின, ஆனால் மண் தூய்மையாகவில்லை. குணமடைந்தோர் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். மலசலகூடங்களுக்குச் செலவிடத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மருந்தோடு சுகாதாரமும் கல்வியும் இணைதல் வேண்டும் என்னும் படிப்பினை வலுப்பெற்றது. 1926 இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு அவ்வழியிலே பணியாற்றியது.

செருப்பணிந்து நகரில் வாழும் நமக்கு இதில் என்ன எனச் சிலர் எண்ணலாம். வட்டப்புழு காலால் வருவதன்று, வாயால் வருவது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200,000 முட்டைகள் இடும். அவை மண்ணில் முதிர்ந்து, கழுவாத கீரையிலும் நகக்கண்ணிலும் ஒட்டி வரும். நாம் விரும்பியுண்ணும் வல்லாரைச் சம்பலுக்குரிய இலைகளை ஓடும் நீரிற் பன்முறை அலசுதல் வேண்டும். கீரிப்பூச்சியோ இரவில் ஆசனவாயருகே முட்டையிட்டு, சொறியும் விரல்வழியே வீட்டிலுள்ளோர் யாவருக்கும் பரவும். ஆதலின் ஒரு பிள்ளைக்கு மட்டுமன்றி, குடும்பத்தார் அனைவரும் ஒரே வேளையில் வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்துண்ணல் நன்று.

மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், நகம் வெட்டுதல், பாதணி அணிதல், கொதித்தாறிய நீர் பருகுதல் ஆகியன ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை. ஆனால் மலசலகூடம் அமைத்தல் தனியொருவரால் மட்டும் ஆவதன்று. அது சமூகத்தின் கடமை. மெபெண்டசோல், அல்பெண்டசோல் போன்ற இன்றைய மருந்துகள் குடலைத் தூய்மையாக்க வல்லன. மண்ணைத் தூய்மையாக்கும் மாத்திரை எதுவும் இல்லை.