ஏழு அடி நடக்காத திருமணங்கள்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் மாநாடு நடந்தது. சாதிப் பட்டத்தை விடுவது, பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று தீர்மானங்கள் போட்ட மாநாடு அது. தீர்மானத்தைக் கைதட்டி நிறைவேற்றிவிடலாம். வீட்டுக் கல்யாணத்தில் புரோகிதரை வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டே அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் அப்படி ஒரு மணம் நடந்துவிட்டது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு அதைத்தான் குறிக்கிறது. அடுத்து குத்தூசி குருசாமி - குஞ்சிதம், சாமி சிதம்பரனார் - சிவகாமி. முன்னது சாதி மறுப்பு மணம், பின்னது கைம்பெண் மறுமணம். அக்கினியும் மந்திரமும் இல்லை. நாள் நட்சத்திரமும் பார்க்கவில்லை. வாழ்த்துரைகள் மட்டும் இருந்தன, அதுவும் மணிக்கணக்கில். பந்தியில் உட்கார வேண்டியவர்கள் பசியோடு பகுத்தறிவு கேட்ட காலம்!

இடி பிறகு விழுந்தது. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் ஒரு வழக்கில் மாட்டிக்கொள்ள, 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கு நடக்கவில்லை. வழக்கம் என்று காட்டலாமென்றால் அதற்குத் தொன்மை வேண்டும், நேற்று பிறந்த இயக்கத்துக்குத் தொன்மை ஏது? அன்றைய சட்டப்படி இந்த வாதத்தில் ஓட்டையில்லை. அதன் விளைவுதான் கொடுமை. ஊரறிய வாழ்ந்தவள் மனைவியில்லை, அவள் பெற்ற பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை என்றாகிவிட்டது. 1955இன் இந்து திருமணச் சட்டமும் பழைய சடங்குகளையும் வழக்கங்களையுமே ஏற்றது.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அதே ஆண்டில் அந்தச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். திருமணம் பொதுப்பட்டியலில் இருப்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, ஏதாவது ஒன்று போதும். முன்பே அப்படி மணந்தவர்களுக்கும் சட்டம் பொருந்தும் என்றதுதான் அண்ணாவின் பெரிய காரியம். தாத்தா பாட்டியாகிவிட்டவர்கள்கூட அன்றைக்குத்தான் சட்டப்படி தம்பதியானார்கள்.

இந்தப் பிரிவு யாரைக் காப்பாற்றியது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். மனைவி இருக்க, ஒருவர் திருத்தணியில் இன்னொரு பெண்ணை மணந்தார். முதல் மனைவி வழக்குப் போட்டார். இரண்டாவது கல்யாணத்தில் மணமக்கள் அக்கினி முன் சேர்ந்து ஏழு அடி நடக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை என்பது கணவர் தரப்பின் தற்காப்பு. விசாரணை நீதிமன்றம் விடுவித்தும்விட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் 7-ஏ பிரிவைக் காட்டி, தமிழ்நாட்டில் ஏழு அடி கட்டாயமில்லை, இரண்டாவது மணம் குற்றமே என்றது. சடங்கு மறுப்பாளர்களுக்காக வந்த சட்டம், சடங்கின் பின்னால் ஒளிந்தவரைப் பிடித்துக்கொடுத்தது.

2014இல் சென்னை உயர் நீதிமன்றம், 7-ஏ பிரிவின்படி வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் மணங்கள் செல்லாது என்றது. வீட்டுக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்று ஓடிவரும் பிள்ளைகள் மண்டபம் பிடித்தா மணக்க முடியும்? 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பகிரங்கமாக நடத்த வேண்டியதில்லை என்று அதை மாற்றியது.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். தலைவர் தாலி எடுத்துக் கொடுக்கும் எத்தனையோ மேடைகளில் மணமக்கள் ஒரே சாதி. புரோகிதர் இறங்கிவிட்டார், சாதி இறங்கவில்லை. அழைப்பிதழில் பட்டம் இருக்காது, ஜாதகப் பரிமாற்றத்தில் எல்லாம் இருக்கும்.

தவிர, 7-ஏ இரு இந்துக்களுக்கு மட்டும். இந்துப் பெண்ணும் இஸ்லாமிய இளைஞனும் மதம் மாறாமல் மணக்க 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் முன்னறிவிப்பு, அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். துரத்திவருபவர்களுக்கு முகவரி எழுதிக்கொடுப்பது போல. திருமணம் இன்றும் பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. 1967இல் ஒரு மாநில அரசு திருத்தம் கொண்டுவந்து ஒப்புதல் வாங்கியது போல, இந்த 30 நாளை நீக்கவும் சட்டமன்றம் முயலலாம். அண்ணா பெயரைச் சொல்லும் கட்சிகள் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.